எழுநூத்து எண்பத்தொண்ணு

"எழுநூத்து எண்பத்தொண்ணு" என்றார் பேங்க் மேனேஜர் இந்திராணி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

"எத்தினிக்கு மேடம்?"

"தொள்ளாயிரத்துக்கு. கடனை ஒழுங்கா கட்டுறதுக்கு நாங்க பார்க்கிற மார்க்கு, கிரெடிட் ஸ்கோர்."

அர்ஜுனனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்தைத் தாண்டாதவன் அவன்.

"அப்போ குட்டி யானை வாங்க லோன்?"

"சாங்ஷன் ஆயிடுச்சு. புது வண்டியே எடுங்க."

"ஜாமீன் கையெழுத்துக்கு யாராச்சும்..."

"யாரும் வேணாம். உங்க பேரே போதும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தான்.

அன்றைக்கு இதே பேங்கில், "நீங்க கடன் வாங்கிக் கட்டின விவரமே எங்கயும் இல்ல, ஜாமீனுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நேராகப் போய் மனைவி கிருஷ்ணவேணியின் அண்ணன் ஜெயக்குமார் முன்னால் நின்றான். சின்ன காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர். "கையெழுத்து மட்டும் கேக்காத மாப்ள" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. அவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்குக்கூட அர்ஜுனன் போகவில்லை. ஒரே ஒரு ரூபாயைக் கவரில் போட்டு, மேலே தன் பெயரைப் பெரிதாக எழுதி, மொய் அனுப்பினான்.

அப்புறம் கையிலிருந்த இருபதாயிரத்தை டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான். ஓட்டுவது வாடகை வண்டி, ஏற்றுவது ஒரு பட்டுக்கடைச் சரக்கு. அதற்கு டீசல் போட மட்டும் கார்டைத் தேய்ப்பான்.

சவாரிக் காசைப் பட்டுக்கடை முதலாளி அமாவாசைக்கு அமாவாசைதான் மொத்தமாகக் கொடுப்பார். அன்றைக்குத் தறி ஓடாது, உட்கார்ந்து கணக்கு முடிப்பார். வாங்கிய கையோடு அர்ஜுனன் அதைக் கிருஷ்ணவேணியிடம் எண்ணிக் கொடுத்து, "மொதல்ல கார்டுக்குக் கட்டு" என்பான். கார்டுக்கு வரும் மெசேஜ் எல்லாம் அவள் போனுக்குத்தான். "கட்டியாச்சு" என்பாள். தீபாவளி அமாவாசைக்குக்கூட முதலில் கார்டு, அப்புறம்தான் துணி.

"முப்பது அமாவாசை மேடம். ஒண்ணு தவறல" என்றான்.

இந்திராணி சிரித்தார். "அமாவாசை எல்லாம் எனக்குத் தெரியாது. கெடு பதினெட்டாம் தேதி. நீங்க மாசா மாசம் பதினேழாம் தேதியே கட்டிடுறீங்க. எங்க ஸ்டாஃபே இப்படிக் கட்ட மாட்டாங்க."

தேதியெல்லாம் அர்ஜுனன் காதில் ஏறவில்லை. அவன் மனசு அதற்குள் ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் போய்விட்டது.

புது வண்டியை அந்த வாசலில் நிறுத்தி மூன்று ஹாரன் அடிப்பது என்பது மூன்று வருஷத் திட்டம். ஆனால் வண்டி வரப் பத்து நாளாகும். அதுவரை வாய் தாங்காது. மொபெட்டை முடுக்கினான்.

கடை வாசலில் மொபெட் ஹாரன் மூன்று முறை கத்தியது. அதற்குச் சளி பிடித்த குரல்.

"மச்சான், ஒரு ஜெராக்ஸ் எடு. லோன் பேப்பர்."

மூன்று வருஷம் கழித்து வாய் திறந்தவனை ஜெயக்குமார் நிமிர்ந்து பார்த்தார். கையில் போன். "உக்காரு மாப்ள. ஒரு பில்லு கட்டிக்கினு இருக்கேன்."

"கட்டு, கட்டு. நானும்தான் கட்டினேன். அன்னிக்கு ஒரு கையெழுத்துக்கு உன் வாசல்ல நின்னேனே, இன்னிக்கு பேங்க்காரம்மா என்னா சொல்லுது தெரியுமா? என் பேரே போதுமாம். எழுநூத்து எண்பத்தொண்ணு. உனக்கு எத்தினி இருக்குது, சொல்லு பார்க்கலாம்."

ஜெயக்குமார் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"பேசுறவன் மூஞ்சியப் பாரு மச்சான்."

"தோ, முடிஞ்சுது." போனை மேஜைமேல் வைத்தார்.

திரையில் பச்சை டிக். அதன் கீழே அர்ஜுனன் என்று பெயர். அதற்கும் கீழே ஒரு கார்டின் கடைசி நாலு எண். அவனுக்கு மனப்பாடமான நாலு எண்.

"இது என் கார்டாச்சே. அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் கெடக்குதே."

"பேங்குக்கு ஏது மாப்ள அமாவாசை? அது ஒரு மாசம் அஞ்சாம் தேதி வருது, ஒரு மாசம் இருபத்தெட்டுல வருது. மொத மாசமே, நாளைக்குக் கெடுன்னு மெசேஜ் வந்து, தங்கச்சி அழுதுக்கினு இங்க வந்துச்சு. அதுலேர்ந்து பதினேழு ஆனா நான் கட்டிடுவேன். அமாவாசைக்கு அது கொண்டாந்து குடுத்துடும். உங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சா நீ கார்டையே ஒடைச்சுப் போட்டிருப்ப."

உண்மைதான். உடைத்திருப்பான்.

"அப்போ அன்னிக்கு அந்தக் கையெழுத்து..." என்று இழுத்தான் அர்ஜுனன்.

ஜெயக்குமார் லோன் பேப்பரை வாங்கி மிஷினில் வைத்து மூடினார்.

"கூட்டாளி ஒருத்தனுக்கு ஜாமீன் போட்டேன். அவன் கட்டாம ஓடிப்பூட்டான். என் பேரக் கேட்டாலே பேங்க்ல கதவ சாத்துவான். அந்தக் கையெழுத்த உன் பேப்பர்ல போட்டிருந்தா உனக்கும் சேர்த்து சாத்தியிருப்பான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மிஷின் சூடாக ஒரு நகலைத் தள்ளியது. அர்ஜுனன் சட்டைப் பையில் கை விட்டான்.

"காசு வேணாம். நீ வெச்ச மொய் ஒரு ரூபா அப்படியே இருக்குது" என்று ஜெயக்குமார் நகலை நீட்டினார். அதிலிருந்த எழுநூற்று எண்பத்தொன்றை ஒரு தடவை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு எத்தினின்னு கேட்டியே மாப்ள, நானூத்திப் பன்னெண்டு. போவட்டும், வூட்ல நீயாச்சும் பாஸாயிட்ட."