அரைச்சுற்று

ஜன்னல் வெயிலில் என் உள்ளங்கையில் மின்னுகிறது எழுநூறு வருடத்து வெள்ளிக்காசு. அதிலுள்ள அரபு எழுத்தைப் படித்துவிட வேண்டுமென்று மூன்று மாதமாக லென்ஸும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவையும் நோட்டில் வரைந்து வருகிறேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சட்டை கொடுக்க வந்த தையல்கார அக்கா, சின்ன வயதில் அரபு ஓதியவர், எட்டிப் பார்த்துவிட்டு ஊசி குத்திய விரலால் காசை அரைச்சுற்று திருப்புகிறார். "தலைகீழால்ல வச்சிருக்கீங்க தம்பி! இதோ, சுல்தான்னு இருக்கு." எனக்குக் காது சுடுகிறது. "மூணு மாசமும் விழலுக்கு இறைச்ச தண்ணியாப் போச்சேக்கா!" "ஏன் போகுது?" என்றபடி அக்கா என் நோட்டையும் அதேபோல் திருப்பி வைக்கிறார். நாற்பது பக்கத்திலும், என் கையெழுத்தில், சுல்தான் நிமிர்ந்து நிற்கிறார். "ஒரு புள்ளிகூடத் தப்பில்ல தம்பி." நான் எழுந்து என் நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போடுகிறேன்.