எண்பத்திரண்டாம் பக்கம்

சிப்போரா எழுந்திருக்கவில்லை.

ஜெபத்தை நடத்துகிறவர் மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு வரிசைகளைப் பார்த்தார். எண்பத்திரண்டாம் பக்கம் வந்துவிட்டது. பதினோரு மாதமாக அந்தத் தட்டல் கேட்டதும் எழுந்து நிற்பவள், இன்று மடியில் கையை வைத்துக்கொண்டு தன் பனிக்கால பூட்ஸையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் யூத ஜெப ஆலயத்தின் மாடியில் எங்களுக்கு எபிரேய வகுப்பு. அது முடிந்ததும் கீழே இறங்கி, பெரியவர்களின் ஜெபத்தில் கடைசிப் பகுதிக்கு மட்டும் முன்வரிசையில் உட்காருவோம்.

வகுப்புச் சுவரில் எங்கள் பெயர்கள் எழுதிய அட்டை தொங்கும். ஒரு ஜெபத்தைத் தடுமாறாமல் படித்தால் ஒரு நட்சத்திரம். எனக்குப் பத்தொன்பது. சிப்போராவுக்கு ஆறு. ஷின் எழுத்துக்குப் புள்ளி எந்தப் பக்கம் என்று இன்னும் முழிக்கிறவள் அவள்.

ஆனால் எண்பத்திரண்டாம் பக்கம் அவளுடையது.

பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் அதற்கு எழுந்து நிற்பாள். கூட நிற்பவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். அவள் திக்கித் திக்கிச் சொல்லச் சொல்ல, ஆலயம் முழுக்க “ஆமென்” என்று பதில் சொல்லும்.

என் அப்பாவும் சொல்வார். மூன்றாவது வரிசையில் இருந்து, அவள் பக்கமாகத் திரும்பி, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வார். எனக்கு வயிறு பற்றி எரியும். என் பத்தொன்பது நட்சத்திரத்தில் ஒன்றுக்காவது அவர் அப்படிச் சத்தம் போட்டிருப்பாரா?

முடிந்ததும் மிட்டாய் தாத்தா தன் கோட்டுப் பையிலிருந்து எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பார். அவளுக்கு இரண்டு. யாருடைய அம்மாவாவது வந்து அவளைக் கட்டிக்கொள்வார். ஆறு நட்சத்திரக்காரிக்கு இத்தனை உபசாரம்!

ஒருநாள் டீச்சரிடம் கேட்டேவிட்டேன்.

“எனக்கும் அந்தப் பக்கத்தச் சொல்லிக் குடுங்க டீச்சர்.”

டீச்சர் பதறிப்போனார். “உனக்கு எதுக்கு கண்ணு அது? வேணாம், வேணவே வேணாம்” என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று முறை தூ, தூ, தூ என்றார்.

எனக்கு அந்தத் தகுதி இல்லையாம். துப்பியே காட்டிவிட்டார்.

அன்றோடு சிப்போராவுடன் டூ விட்டேன். அதற்கு முன்னால் மட்டும் என்ன பேசிவிட்டேன்? போன குளிர்காலத்தில் சிகாகோவிலிருந்து அம்மாவோடு வந்து, இங்கே மாமா வீட்டில் தங்கியிருக்கிறாள். அவ்வளவுதான் தெரியும். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. பேசினால்தானே கேட்பதற்கு.

எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். அர்த்தம் எல்லாம் அப்புறம் என்றார்கள். எனக்கு எழுத்தே போதுமானதாக இருந்தது. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை உருப்போட்டேன். அப்பாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தால் நாற்பத்தைந்து நொடி. சிப்போராவுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலே ஆகும்.

அப்பாவிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று எழுந்து நின்று அவரை அசத்த வேண்டும்.

இன்று காலை வகுப்பு வாசலில் டீச்சர் யாரிடமோ, “அவளுக்குப் பதினோரு மாசம் முடிஞ்சிருச்சு” என்று சொன்னது காதில் விழுந்தது. ஒருத்தியின் முறை முடிந்தால் அடுத்தவள் வர வேண்டியதுதானே.

வெளியே முழங்கால் அளவு பனி. வழக்கமாக நிற்கிற நரைத்த தலைகளும் வரவில்லை. ஒருவரும் எழாததால், நடத்துகிறவர் பக்கத்தைப் புரட்டப் போனார்.

நான் எழுந்தேன்.

முதல் வரியைப் பிசிறில்லாமல் சொல்லி, பதில் வர வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

பதில் வரவில்லை. யார் வாயிலிருந்தும் வரவில்லை. மிட்டாய் தாத்தா குனிந்துகொண்டார். அப்பா மட்டும் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக ஆரம்பித்தேன்.

சிப்போரா என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி, உன் முறைதான் முடிஞ்சுபோச்சுல்ல?”

“உக்காருடி லூசு. அது அப்பா செத்துப்போனவங்க பதினோரு மாசம் சொல்றது. உங்கப்பாதான் அங்க நிக்கிறாரே!”

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

உட்கார்ந்தேனா, விழுந்தேனா என்று தெரியாது. அப்பா வரிசைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. தன் ஜெபச் சால்வையை விரித்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். தலைமேல் கையை வைத்து, “நான் இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்” என்றார்.

சால்வையின் ஓரத்தில் சிப்போரா தெரிந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைமேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மாதமாக நான் அவளைப் பார்த்த பார்வை.

அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.