வயலுக்குப் போகிற கேஸ்

“கதவைத் திறங்க! கேஸ் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கோம்!”

ஜம்ஷேத் தட்டிய தட்டில், சந்தில் இருந்த மற்ற கதவுகள் எல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டன. ஒளித்துவைக்க வேண்டியது எல்லா வீட்டிலும் இருந்தது.

முல்தானில் அந்தக் குளிர்காலம் கேஸுக்கு அப்படி ஒரு பஞ்சம். இருக்கிற கேஸ் முதலில், கேஸிலிருந்து உரம் செய்கிற யூரியா ஆலைக்கு. கோதுமைக்கு மேலுரம் போட்டு முடிகிறவரை வீடுகளுக்குச் சமையல் நேரத்தில் மட்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த நேரத்திலும் அடுப்பு எரிந்ததா அணைந்ததா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் பலர் குழாயில் சின்ன மோட்டாரை மாட்டி, லைனில் வருவதை உறிஞ்சிக்கொண்டார்கள்.

அதைப் பிடிப்பதுதான் ஜம்ஷேத்தின் வேலை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவன் வாசலில் தண்ணீர்கூட வாங்கமாட்டான். விவசாயி வீட்டுப் பிள்ளை. யூரியா கிடைக்காமல் ஊரில் அப்பாவின் கோதுமை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

ஒரு கிழவி கதவைத் திறந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர், ரஜாயைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அடுப்புக்குக் கீழே துணியைப் போட்டு மூடிய மோட்டார் உறுமியது.

“இது என்ன அம்மாஜி, தையல் மிஷினா?”

“சமையலுக்கு இல்ல மகனே. இவருக்கு மூச்சு விட முடியல. ஆவி பிடிக்கலேன்னா ராத்திரி தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“நான் போற வீட்டுல எல்லாம் ஒருத்தர் படுத்துட்டுத்தான் இருக்காரு. குல்ஷேர், மோட்டாரைக் கழட்டு. மீட்டரையும் கழட்டு.”

கூட வந்த ஃபிட்டர் தயங்கினான். “மீட்டரையுமா சார்? இந்தக் குளிர்லயா?”

“சட்டம் உனக்கும் எனக்கும் ஒண்ணுதான். கழட்டு.” நோட்டீஸை எடுத்தான். “பெரியவரே, பேரு?”

“இனாயத். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தேன்.” இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். “தம்பிக்கு எந்த ஊரு?”

“லால்வாலா. கால்வாயோட கடைமடை. எங்கப்பா ஹாஷிம் தினம் உரக்கடை வாசல்ல நின்னுட்டு வெறுங்கையோட திரும்பறாரு. நீங்க இங்க உறிஞ்சறது அவர் வயலுக்குப் போக வேண்டியது. படிச்சவர்தானே நீங்க? ஒரு விவசாயி படற பாடு உங்களுக்கு எங்க தெரியப் போகுது!”

பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார்.

கிழவிக்குப் பொறுக்கவில்லை. “யாரைப் பார்த்து என்ன பேசறே? இவரு...”

“சுக்ரா! வாயை மூடு.” அந்த ஒரு அதட்டலுக்கே அவருக்கு மூச்சு இரைத்தது.

ஜம்ஷேத் சிரித்தான். இதுவும் அவனுக்குப் பழகியதுதான். “சொல்லட்டுமே. யாரைத் தெரியும் உங்களுக்கு? கர்னலையா, மந்திரியையா?”

“யாரையும் தெரியாதுப்பா,” என்றார் பெரியவர். “நீ உன் வேலையைப் பாரு.”

மோட்டார் வந்தது. மீட்டர் வந்தது. குழாய் வாயில் மூடியைப் போட்டு முறுக்கி, சீல் வைத்தார்கள். பானையில் ஆவி அடங்கியது. கிழவி தன் சால்வையையும் எடுத்து அவர் மேல் போட்டாள்.

“உரம் போடற சீசன் முடிஞ்சதும் ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுங்க. பார்க்கலாம்.”

அன்று மத்தியானம் அப்பாவிடமிருந்து போன் வந்தது. காதைக் கிழிக்கிற குரல்.

“டேய் ஜம்ஷேத்! பயிர் திரும்பிடுச்சுடா! கருகருன்னு நிக்குது, வந்து பாரு!”

 இத்தனை வீட்டுச் சாபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டது வீண் போகவில்லை.

“பார்த்தீங்களா அப்பாஜி? நாங்க கேஸைக் காப்பாத்திக் கொடுத்தோம், ஆலை ஓடிச்சு, உரக்கடைக்குச் சரக்கு வந்துடுச்சு!”

“கடைக்கா? அங்க எலிதான் ஓடுது. ஆலையில போட்ட உரம் எந்த மகராசன் குடோனுக்குப் போச்சோ! இது பக்கத்து வயல்காரர் கொடுத்ததுடா. நீ வேலைக்குப் போனப்புறம் வந்தவரு, நீ பார்த்திருக்க மாட்டே. முன்னாடியே வாங்கி வச்சிருந்த மூட்டையை எல்லாம் நம்ம வரப்புல கொண்டாந்து இறக்கிட்டாரு. ‘என் பயிர் போனா போகட்டும் ஹாஷிம், உனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணுங்க இருக்கு’ன்னு ஒரே பேச்சு. நான் அழுதுட்டேன்டா.”

“யாரு அப்பாஜி அவரு?”

“இனாயத் மாஸ்டர்னு. நெஞ்சு சரியில்ல, வைத்தியத்துக்கு முல்தான் வீட்டுக்கு வந்திருக்காரு.”

ஜம்ஷேத் நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்து, தான் எழுதிய பெயரைப் பார்த்தான்.

“கிளம்பும்போது அந்தம்மா, ‘அங்க கேஸே வராதே, இவருக்கு எப்படி ஆவி பிடிக்கிறது’ன்னு அழுதுச்சு. நான்தான் தைரியம் சொன்னேன். ‘கேஸ் ஆபீஸ்ல என் மகன் இருக்கான், ஹாஷிம்னு என் பேரை மட்டும் சொல்லுங்க, உயிரைக் கொடுத்துச் செய்வான்’னு சொல்லி அனுப்பினேன்... சொன்னாங்களாடா?”