கை வைத்த நாற்காலி

"அக்கா, தப்பா நெனைக்காதீக. நீங்கள்லாம் இன்னிக்கு ஒரு நாள் கடைசி வரிசையில உக்காருங்களேன்."

காரைக்குடியில், ஒருபால் ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் சேர்ந்து தொடங்கிய வானவில் குழுவின் முதல் கூட்டம். மண்டப வாசலில், கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்த கார்த்திகேயன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். திருநங்கைகளான சத்தியப்பிரியாவும் உடன் வந்த இருவரும் அப்படியே நின்றார்கள்.

"போலீஸ்ல அனுமதி கேக்கப் போனப்ப எங்களத்தானே தம்பி முன்னால விட்டீக?" என்றாள் சத்தியப்பிரியா.

"இன்னிக்குப் பெத்தவுக வாராக. உங்களப் பாத்தா, நம்ம பிள்ளையும் நாளைக்குச் சேலை கட்டிருவானோன்னு பயந்துருவாக. நாங்க வேற, நீங்க வேறன்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல."

"மேடையில கட்டியிருக்க கொடியில எங்க நிறமும் இருக்கே. அதையும் அவுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டு போயிரவா?"

உடன் வந்த நாச்சியார் வாய்விட்டுச் சிரித்தாள். கார்த்திகேயன் சிரிக்கவில்லை.

"எங்க ஆத்தா வாராகக்கா."

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவன் வீட்டில் சொன்ன நாளிலிருந்து, இரண்டு வருடமாக ஊரிலிருக்கும் ஆத்தா அவனோடு பேசவில்லை. நம்பிக்கையில்லாமல்தான் அழைப்பிதழை அனுப்பினான். 'வாரேன்' என்று ஒரே சொல்லில் பதில் வந்திருந்தது.

"மொத வரிசையில எடம் போட்டிருக்கேன். வாசல்ல எதையாச்சும் பாத்துட்டுத் திரும்பிட்டாகன்னா அவ்வளவுதான்."

'எதையாச்சும்' என்று சொன்னது அவனுக்கே உறுத்தியது. சத்தியப்பிரியா கடைசி வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"சரி தம்பி. கடைசி வரிசையில கை வச்ச நாற்காலி மட்டும் ஒண்ணு போடச் சொல்லுங்க."

"முட்டு வலியாக்கா?"

"எனக்கில்ல. பக்கத்துல உக்கார்ற ஆளுக்கு."

பத்தரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கார்த்திகேயன் ஓடிப்போய் ஆத்தாவின் கையைப் பிடித்தான். அவர் மெல்ல நடந்து உள்ளே வந்தார். கடைசி வரிசையருகே நின்றார். சத்தியப்பிரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, உங்களுக்கு முன்னால எடம் போட்டிருக்கேன்."

"முன்னால எனக்கு யாரடா தெரியும்? ரெண்டு வருசமா நம்ம ஊருச் சந்தைக்கு வாரப்பல்லாம் வீட்டுக்கும் வந்து, நீ யாருன்னு எனக்கு வெளங்க வச்சவ இவதான். 'அவன்கிட்டச் சொல்லாதடி'ன்னது நானு. இவ எங்குட்டோ, நானும் அங்குட்டுத்தான்."