மாமன் மடி

"யாரு பெத்த புள்ளையோ, அதுக்கு நான் எப்படிக்கா மாமனாவேன்?" என்று மல்லுக்கட்டிய தம்பி, கடைசியில் காதுகுத்துப் பந்தலில் வேண்டாவெறுப்பாக மடி கொடுத்தான். வசுமதி தத்தெடுத்த குழந்தை அதில் உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. தங்கக் கம்பியோடு குனிந்த ஆசாரி, காதுமடலை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏற்கெனவே குத்தின காதும்மா இது. கம்பி இல்லாமத் தூந்துபோச்சு."

தம்பி அந்தச் சின்ன வடுவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு யாரு மடியில உக்காந்திருந்தே, தாயி?" என்று கேட்டான். குழந்தை பொத்தானை விடவில்லை.

"கொஞ்சம் தள்ளிக் குத்திரட்டுமாம்மா?" என்றார் ஆசாரி.

வசுமதி குனிந்து அந்த வடுவைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேணாம். அவுங்க குத்துன இடத்துலயே குத்துங்க."