துள்ளிய நாளம்

வாரம் ஒருமுறை அயோடின் ஊசி போட்டுக்கொண்டு கூடத்து எக்ஸ்ரே திரைமுன் நிற்பது எல்லா வீட்டிலும் வழக்கம். பொய் சொன்னால் இதய நாளம் துள்ளுவது பளிச்சென்று தெரிந்துவிடும். தணிகைவேலின் மனைவி பவளம் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒத்துக்காதுங்க. சின்ன வயசுல தொண்டை அடைச்சு உசுரே போகப் பாத்துச்சு."

"ஒளிக்கறவங்க எல்லாருக்கும் இதே தொண்டைதான். அந்த பஸ் டிரைவர்கிட்ட என்ன பேச்சு உனக்கு?"

பவளம் ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டு திரைமுன் நின்றாள்.

"வழி கேட்டாரு, சொன்னேன். நல்லா பாத்துக்குங்க."

இதயம் வெள்ளையாக ஒளிர்ந்தது. நாளம் துள்ளவில்லை. தணிகைவேலுக்கு அப்பாடா என்றிருந்தது.

"சரி, நம்புறேன்" என்றான்.

பவளம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். விசிலடிப்பதுபோல் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. திரையில் நாளம் தாறுமாறாகத் துள்ளியது.

"அப்ப பொய்தானா?" என்று கேட்டான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.