பாதை போடாத பிளான்

"காடு பார்க்க வர்றவங்களுக்குக் கட்டடம் வரையச் சொன்னா, டீக்கடை வரைஞ்சு வச்சிருக்கியேடா!"

அக்கா போட்ட சத்தத்தில் மேஜை மேலிருந்த அட்டை மரங்கள் இரண்டு சாய்ந்தன. தம்பி அவற்றை நிதானமாக நிமிர்த்தி வைத்தான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் அது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், ஓயாத சண்டை. இத்தனை நாளும் ஊரார் வீட்டுக் குளியலறைகளை வரைந்தே காலம் தள்ளியவர்களுக்கு, முதன்முதலாக வனத்துறையிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. பார்வையாளர் மையம். முழுக்க மரத்தில் இருக்க வேண்டும். காட்டுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது.

அக்கா தூக்கம் மறந்து வரைந்தாள். நடுக்காட்டில், கட்டைக் கால்களில் நிற்கும் கட்டடம். தானாக விழுந்த மரங்களில் அறுத்த பலகை. ஆணிக்குப் பதில் மர முளை. கூரையில் விழும் மழை தொட்டிக்கு, வெயில் விளக்குக்கு. காட்டு வாசலிலிருந்து கட்டடம் வரைக்கும், கிளைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மரப்பாதை.

இடத்தை அளந்து வரத் தம்பியை அனுப்பினாள். போனவன் வனக்காவலர் குடிலிலேயே ஒரு வாரம் டேரா போட்டுவிட்டான். திரும்பி வந்து, தன் பங்குக்கு ஒரு பிளான் போட்டான். வினை அங்கேதான் ஆரம்பம்.

அவன் பிளானில் கட்டடம் காட்டுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பாதி இடம் டீக்கடை. சாய்ந்தால் எழுந்திருக்க மனசே வராத நாற்காலிகள். சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல்.

"பலகை, முளை, கூரை எல்லாம் உன்னுதுதான்க்கா. இடத்தை மட்டும்தான் மாத்தினேன்."

"தலையை மட்டும் மாத்திட்டேன், மிச்சமெல்லாம் உன் புருஷன்தான்னு சொல்ற மாதிரி இருக்கு!"

"அக்கா, நான் அங்கே தங்கியிருந்தப்ப..."

"தங்கியிருந்தப்ப டீ கிடைக்கல. அதானே? உன் நாக்குக்காக நான் டீக்கடை கட்டணுமா?"

தம்பி தன் பிளானைச் சுருட்ட ஆரம்பித்தான். அக்கா பேச ஆரம்பித்தால் நடுவில் காற்றுகூட நுழைய முடியாது என்பது அவனுக்குத் தொட்டில் நாளிலிருந்தே தெரியும்.

"சரிக்கா. ரெண்டையும் காட்டுவோம். அதிகாரி சொல்றதுதான் முடிவு."

"தாராளமாக் காட்டு! ஆனா இந்த வேலை மட்டும் கைநழுவிப் போகட்டும், ஆயுசு முழுக்க நீ ஒருத்தனே குளியலறை வரைஞ்சுக்கிட்டு இரு. நான் கிளம்பிப் போயிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகமே சொன்னது.

மறுநாள் வன அதிகாரியின் அறை. அந்த அம்மாளின் காலணியில் காட்டுச் சேறு காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அக்கா செய்த அட்டை மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரப்பாதையை ஒரு விரலால் மெல்லத் தடவினார்.

"என்ன அழகு! இதுல நடக்கறதுக்குன்னே ஜனங்க கூட்டம் கூட்டமா வருவாங்க" என்று பெருமூச்சு விட்டார்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தியா என்பது போலத் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது யாரோடது?" என்றார் அதிகாரி, இரண்டாவது பிளானைக் கையில் எடுத்து.

"என்னோடது மேடம்" என்றான் தம்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"இங்கே உட்கார்ந்தா காடு தெரியுமா?"

"கண்ணாடி வழியா நல்லாவே தெரியும்."

"குழந்தைங்க சும்மா உட்காராதே?"

"ஏறி விளையாட மரக்கோபுரம் இருக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டா அழும்."

"அது சரி... காட்டுக்குள்ள போற பாதை எங்கே?"

தம்பி தலையைச் சொறிந்தான்.

"போடல மேடம்."

அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்கங்க மேடம். சின்னப் பையன் மாதிரி ஏதோ கிறுக்கிட்டான். நீங்க என்னோடதையே..."

"இல்லம்மா. இதையே கட்டிடுவோம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை கிடைத்த சந்தோஷம்கூட மண்டையில் ஏறவில்லை.

"மேடம், பாதையே இல்லாம எப்படி? வர்றவங்க கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு, டீயைக் குடிச்சுட்டு, அப்படியே பஸ் ஏறிடுவாங்களே! காட்டுக்குள்ள ஒருத்தர்கூடக் காலெடுத்து வைக்க மாட்டாங்களே!"

அதிகாரி தம்பி பக்கம் குனிந்து, ஆசையாகக் கேட்டார்:

"உங்க அக்கா சொல்றது நிஜமா தம்பி? ஒருத்தர்கூடவா?"

"அதுக்குத்தான் மேடம் இப்படி வரைஞ்சேன்."

"அப்பாடா!" அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "மனுஷங்க காலடிச் சத்தத்துக்குப் பயந்து, கூட்டையும் முட்டையையும் அப்படியே விட்டுட்டுப் பறந்து போச்சே எங்க பறவைங்க... இனிமே அதுங்க வீட்டுக்குத் திரும்பி வரலாம்!"